மருந்து போட்டும் பேன் ஏன் திரும்ப வருது? பதில் அதன் 3 வார வாழ்க்கையில் இருக்கு

"போன வாரம்தான் மருந்து போட்டோம். ஒண்ணுகூட இல்லாம போச்சு. இப்போ மறுபடியும் சொறியுறா."

பள்ளிக்குப் போகிற பிள்ளை இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. அடுத்து நடப்பதும் தெரிந்த கதைதான். முதலில் மருந்துக் கடையில் வேறு பிராண்டு கேட்பார்கள். அதுவும் கேட்கவில்லை என்றால் யாரோ மண்ணெண்ணெய் சொல்வார்கள், யாரோ கற்பூரம் சொல்வார்கள். கடைசியில் கத்தரிக்கோல் வந்து நிற்கும். இடுப்புவரை வளர்த்த கூந்தல் காதோரம்வரை வெட்டப்படும். அந்தப் பெண் குழந்தை ஒரு மாதம் பள்ளியில் தலை குனிந்தே நடக்கும்.

இவ்வளவும் பெரும்பாலும் தேவையில்லாத வேலை. மருந்து தோற்றுப்போவதற்கு மிகச் சாதாரணமான ஒரு காரணம் இருக்கிறது: சரியான நாளில் இரண்டாவது முறை போடாமல் விட்டதுதான். எது சரியான நாள் என்று தெரிய வேண்டுமானால், பேன் எப்படிப் பிறந்து, வளர்ந்து, முட்டையிடுகிறது என்று தெரிய வேண்டும்.

பேன் என்பது என்ன?

தலைப்பேன் ஒரு பூச்சி. அறிவியல் பெயர் பெடிகுலஸ் ஹியூமனஸ் கேபிடிஸ். இறக்கை கிடையாது, அதனால் பறக்காது. வெட்டுக்கிளி மாதிரி தாவவும் தாவாது. அதற்குத் தெரிந்த ஒரே பயணம் ஊர்ந்து போவதுதான். 6 கால்கள், ஒவ்வொரு காலின் நுனியிலும் கொக்கி போன்ற ஒரு நகம். அந்தக் கொக்கி மனிதத் தலைமுடியின் தடிமனைப் பிடித்துக்கொள்வதற்கென்றே அமைந்தது. சமதளமான தரையில் விட்டால் அதற்கு நடப்பதே சிரமம்.

மனித ரத்தம் மட்டுமே அதன் உணவு. ஒரு நாளைக்குப் பலமுறை உச்சந்தலைத் தோலில் குத்திக் குடிக்கும். தலையிலிருந்து கீழே விழுந்த பேன், ரத்தம் கிடைக்காமல் 1 அல்லது 2 நாளில் செத்துப்போகும். வீட்டு நாய், பூனை, மாடு எதிலும் இது வாழாது. அங்கிருந்து நமக்கும் வராது.

மூன்று கட்டம்: ஈறு, குஞ்சு, பேன்

நம் மொழிகளில் பலவற்றில் இதற்கு இரண்டு சொற்கள் தனித்தனியாக இருக்கின்றன. தமிழிலும் மலையாளத்திலும் பேன், ஈறு. கன்னடத்தில் ஹேனு, சீரு. இந்தியில் ஜூம், லீக். பெரிய பேன் கண்ணுக்குத் தெரியும். முடியில் ஒட்டிய ஈறும் தெரியும். இரண்டுக்கும் நடுவே உள்ள குஞ்சுப் பேன்தான் பார்வையிலிருந்து தப்பிவிடுகிறது. மருந்து போட்ட பிறகு திரும்ப வருவதும் அந்தக் குஞ்சுதான்.

ஈறு: இது பேனின் முட்டை. நீளம் ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றுக் குறைவு. முடியின் அடிப்பகுதியில், தோலை ஒட்டி, பொதுவாக 6 மி.மீ.க்குள் பெண் பேன் இதை ஒட்டி வைக்கும். காரணம் வெப்பம். முட்டை பொரிய நம் தலையின் சூடு வேண்டும். ஒட்டுவதற்குப் பேனின் உடலிலிருந்து வரும் பசை மிகக் கெட்டியானது. தலை குளித்தாலோ, துண்டால் துவட்டினாலோ, சாதாரண சீப்பால் வாரினாலோ அது விடாது.

முட்டையின் ஒரு முனையில் சின்னஞ்சிறு துளைகளோடு ஒரு மூடி உண்டு. காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. பெரும்பாலும் 8 அல்லது 9 நாளில் முட்டை பொரியும். சூழலின் வெப்பத்தைப் பொறுத்து இது 7 முதல் 12 நாள்வரை மாறலாம். பொரியும் நேரத்தில் உள்ளே இருக்கும் குஞ்சு காற்றை விழுங்கி, அந்த அழுத்தத்தால் மூடியைத் திறந்துகொண்டு வெளியே வருகிறது. வெறும் கூடு முடியிலேயே வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

குஞ்சு: குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். பிறந்ததும் ரத்தம் குடிக்க ஆரம்பித்துவிடும். முழுப் பேனாக வளர்வதற்குள் 3 முறை தோலுரிக்கும். இதற்கு 9 முதல் 12 நாள் ஆகும். இந்தக் கட்டத்தில் அதனால் முட்டையிட முடியாது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; மருந்துக் கணக்கு முழுக்க இதில்தான் நிற்கிறது.

பேன்: வளர்ந்த பேன் ஓர் எள் அளவு, 2 முதல் 3 மி.மீ. நிறம் பழுப்பு அல்லது சாம்பல். கருமுடியில் இன்னும் கருப்பாகத் தெரியும். வளர்ந்து ஓரிரு நாளில் பெண் பேன் முட்டையிடத் தொடங்கும். நாளொன்றுக்கு 8 முட்டைவரை இடலாம். தலையிலேயே இருந்தால் 3 அல்லது 4 வாரம் உயிரோடு இருக்கும்.

ஆக, முட்டையில் ஏறக்குறைய 9 நாள், குஞ்சாக இன்னொரு 9 முதல் 12 நாள். ஒரு தலைமுறை முடிந்து அடுத்த தலைமுறை தொடங்க சுமார் 3 வாரம். கருவுற்ற ஒரே ஒரு பெண் பேன் ஒரு தலைக்குள் புகுந்தாலே போதும், அடுத்த மாதம் ஒரு குடும்பமே இருக்கும்.

அரிக்காவிட்டால் பேன் இல்லை என்று அர்த்தமா?

இல்லை. பேன் கடிப்பதால் மட்டும் அரிப்பு வருவதில்லை. குடிக்கும்போது அது தோலில் விடுகிற உமிழ்நீருக்கு நம் உடல் காட்டுகிற ஒவ்வாமைதான் அரிப்பு. முதல்முறை பேன் பிடித்தவர்களுக்கு இந்த ஒவ்வாமை உருவாகவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். குழந்தை சொறியத் தொடங்கும்போது பேன் வந்து ஒரு மாதம் ஆகியிருக்கக்கூடும். அதற்குள் அக்கா, தங்கை, அம்மா, பக்கத்து பெஞ்சுத் தோழி என்று போயிருக்கும்.

அதனால் "உன் பொண்ணுகிட்ட இருந்துதான் வந்துச்சு" என்று யாரையாவது கைகாட்டுவதில் பொருளே இல்லை. முதலில் சொறிபவரிடமிருந்துதான் கிளம்பியது என்று சொல்லவே முடியாது.

எப்படிப் பரவுது?

தலையும் தலையும் ஒட்டும்போது. 90 சதவீதம், 95 சதவீதம் என்றெல்லாம் எண்ணிக்கை சொல்லத் தேவையில்லை. முக்கிய வழி இதுதான். ஒரே புத்தகத்தைக் குனிந்து பார்க்கும் இரண்டு பிள்ளைகள், ஒரே பாயில் படுக்கும் அக்கா தங்கை, செல்ஃபிக்குத் தலையைச் சேர்த்து வைக்கும் தோழிகள். விடுதிகளில் பக்கத்துப் பக்கத்தில் படுத்துத் தூங்கும் மாணவிகளுக்கு இந்த வாய்ப்பு இன்னும் அதிகம்.

சீப்பு, துண்டு, தலையணை, ரிப்பன், ஹெல்மெட் வழியாகவும் வரலாம்; ஆனால் அது குறைவு. தலையைவிட்டு இறங்கிய பேன் பலவீனமாகிவிடும். சீப்பில் சிக்கி வருவது பெரும்பாலும் அடிபட்ட பேனாகவோ செத்த பேனாகவோ இருக்கும்.

சிறு பிள்ளைகளுக்கும், அவர்களில் பெண் குழந்தைகளுக்கும் அதிகம் வருவதற்குக் காரணம், அவர்கள் நெருக்கமாகச் சேர்ந்து விளையாடுவதுதான். அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தினமும் தலை குளிக்கிற குழந்தைக்கும் வரும். தலையை நீரில் முக்கினாலும் பேன் சாகாது. தண்ணீருக்கு அடியில் மணிக்கணக்கில் முடியைப் பிடித்துக்கொண்டு அதனால் தாக்குப்பிடிக்க முடியும்.

ஈறா, பொடுகா? பார்ப்பது எப்படி?

பொடுகு ஊதினால் பறக்கும், விரலால் தள்ளினால் நகரும். ஈறு நகராது. இரண்டு நகத்துக்கு நடுவே பிடித்து முடியோடு நுனிவரை இழுத்தால்தான் வரும்.

ஈறு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் ஒரு தகவல். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. தோலை ஒட்டி வைக்கப்பட்ட ஈறு, முடி வளர வளர அதோடு விலகிப் போகும். தோலிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிற ஈறு என்றால் அது ஏறக்குறைய 2 மாதத்துக்கு முந்தையது. 12 நாளுக்குள் பொரிய வேண்டிய முட்டை அது. இப்போது வெறும் கூடு மட்டும்தான் மிச்சம். அதனால் வெள்ளைக் கூடுகள் தெரிவதை மட்டும் வைத்து மருந்து போடத் தேவையில்லை. உயிரோடு நகர்கிற பேன் ஒன்றைப் பார்த்தால்தான் சிகிச்சை.

வெறும் கண்ணால் முடியை விலக்கிப் பார்த்தால் பேன் சட்டென்று மறைந்துவிடும். வெளிச்சம் பட்டால் ஓடும். அதனால் முடியை நனைத்து, கண்டிஷனரோ தேங்காய் எண்ணெயோ நிறையத் தடவி, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாருவதுதான் நம்பகமான வழி. ஈரத்தில் பேனின் ஓட்டம் குறையும். ஒவ்வொரு முறை வாரியதும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் கூடுதல் கவனம் வேண்டும். பல தலைகளில் மொத்தமே 20 பேனுக்குக் குறைவாகத்தான் இருக்கும். அவசரமாகப் பார்த்தால் தெரியாது.

மருந்து போட்டும் ஏன் போகலை?

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். பரவலாகப் பயன்படும் மருந்து 1 சதவீத பெர்மெத்ரின். ஊர்கிற பேனையும் குஞ்சையும் இது கொல்லும். ஈறுக்குள் இருப்பதைக் கொல்லும் என்று நம்ப முடியாது. மருந்து போட்ட அன்று தலை சுத்தமாகிவிட்டது போலத் தெரியும். முடியில் ஒட்டிய முட்டைகள் அப்படியே இருக்கும்.

மருந்து போட்ட நாளை 0 என்று வைத்துக்கொள்வோம். அன்று தலையில் இருக்கும் முட்டைகளில் சில, பொரிய ஒரே ஒரு நாள் பாக்கி உள்ளவை. சில, அன்று காலையில் இட்டவை. மறுநாளே முதல் குஞ்சுகள் வெளியே வந்துவிடும். கடைசிக் குஞ்சுகளில் பெரும்பாலானவை 8-வது, 9-வது நாளில் வரும்.

9-வது நாளில் தலையில் என்ன இருக்கும்? ஈறுகள் பெரும்பாலும் பொரிந்து முடிந்திருக்கும். மறுநாளே பிறந்த மூத்த குஞ்சுக்குக்கூட வயது 8 நாள்தான். அது முட்டையிடும் பருவத்துக்கு வரவில்லை. அதாவது, முட்டையும் இல்லாமல் முட்டையிடும் பேனும் இல்லாமல் தலையில் குஞ்சுகள் மட்டுமே இருக்கிற ஓர் இடைவெளி அது. அன்று இரண்டாவது முறை மருந்து போட்டால் அந்தக் குஞ்சுகள் எல்லாம் போய்விடும். வட்டம் அங்கேயே அறுந்துவிடும்.

மூன்றாம் நாளிலேயே பயந்து மறுபடி போட்டால் பாதி முட்டைகள் இன்னும் பொரிந்திருக்காது. மூன்று வாரம் கழித்து "திரும்ப வந்துருச்சே" என்று போட்டால், குஞ்சுகள் வளர்ந்து அடுத்த முட்டைத் தொகுதியை இட்டு முடித்திருக்கும். இரண்டிலும் பணமும் மருந்தும் வீண்.

அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், முட்டையைக் கொல்லாத மருந்துகளுக்கு 9-வது நாள் மறுமுறையைப் பொருத்தமானதாகச் சொல்கிறது. தாமதமாகப் பொரியும் முட்டைகளையும் விடாமல் பிடிக்க வேண்டுமானால் 0, 7, 13 முதல் 15 என்று 3 முறை போடும் அட்டவணையும் உண்டு. நீங்கள் வாங்கிய மருந்தின் உறையில் உள்ள நாளை முதலில் பாருங்கள், அதையே பின்பற்றுங்கள்.

மருந்து போடும்போது கவனிக்க வேண்டியவை

பெர்மெத்ரின் போடுவதற்கு முன் கண்டிஷனர் சேர்ந்த ஷாம்பூ வேண்டாம். அது முடியில் பூச்சுபோலப் படிந்து மருந்தின் வேலையைக் குறைக்கும். தலையைச் சாதாரண ஷாம்பூவால் அலசி, துண்டால் துவட்டி, ஈரப்பதம் இருக்கும்போதே முடி முழுக்க, வேர்வரை தடவ வேண்டும். 10 நிமிடம் கழித்து அலசலாம். குளிப்பாட்டும்போது உடம்பெல்லாம் வழியும்படி விடாமல், குனியவைத்து வாஷ்பேசினிலோ வாளியிலோ அலசுவது நல்லது. அடுத்த 1, 2 நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம்.

நீளமான, அடர்ந்த கூந்தலுக்கு ஒரு பாட்டில் போதாமல் போகலாம். பாதித் தலைக்குத் தடவி மிச்சப்படுத்தினால் மீதிப் பாதியில் பேன் பிழைத்துவிடும்.

2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த மருந்து கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். வீட்டில் எல்லாருடைய தலையையும் பாருங்கள். உயிர்ப் பேன் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே நாளில் போட வேண்டும். ஒருவர் இன்றைக்கு, இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை என்றால் பேன் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

சரியாகப் போட்டும் சாகவில்லை என்றால்?

மருந்து போட்டு 8 முதல் 12 மணி நேரம் கழித்து வாரிப் பாருங்கள். பேன் செத்திருந்தாலோ, மந்தமாக நகர்ந்தாலோ மருந்து வேலை செய்கிறது. உடனே மறுபடி போட வேண்டாம். அட்டவணைப்படி போனால் போதும். முன்புபோலவே சுறுசுறுப்பாக ஓடினால் அந்தப் பேனுக்கு அந்த மருந்து கேட்கவில்லை என்று பொருள்.

பெர்மெத்ரினுக்கு எதிர்ப்புத் திறன் பெற்ற பேன்கள் உலகின் பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளன. அந்த நிலையில் அதே மருந்தை அதிகமாகத் தடவுவது தீர்வு ஆகாது. மருத்துவரிடம் போனால் ஐவர்மெக்டின், டைமெத்திகோன் போன்ற வேறு வழிகளைச் சொல்வார். டைமெத்திகோன் ஒரு வகை சிலிக்கோன் எண்ணெய். விஷமாக வேலை செய்யாமல் பேனை மூடிச் செயலிழக்கச் செய்கிறது. ஐவர்மெக்டின் மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். 15 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது பரிந்துரைக்கப்படுவதில்லை.

மருந்தே வேண்டாம், சீப்பு போதுமா?

பொறுமை இருந்தால் போதும். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை சொல்கிற முறை இது: ஈர முடியில் கண்டிஷனர் தடவி, பேன் சீப்பால் தலை முழுக்க வார வேண்டும். நாள் 1, 5, 9, 13 என்று 4 முறை. 17-வது நாள் ஒருமுறை சோதிக்க வேண்டும். நீளமான கூந்தலுக்கு ஒரு தடவைக்கு அரை மணி நேரம்வரை ஆகலாம்.

இதிலும் அதே கணக்குதான் இருக்கிறது. முதல் நாளில் பெரியவை போகும். அதன்பிறகு 4 நாளுக்கு ஒருமுறை வாருவதால், எந்தக் குஞ்சும் முட்டையிடும் வயதுக்கு வருமுன்னே சீப்பில் சிக்கிவிடும். கடைசி ஈறு பொரிந்து வருவதை 13-வது நாள் பிடிக்கும். சீப்பின் பற்கள் மிக நெருக்கமாக, கெட்டியாக இருக்க வேண்டும். வளையும் பிளாஸ்டிக் பல்லைவிட உலோகப் பல் நல்லது.

இந்தச் சீப்பு மனிதனின் பழைய தோழன். இஸ்ரேலில் உள்ள பழங்கால லாக்கிஷ் நகரில் 2016-ல் ஒரு தந்தச் சீப்பு அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் வயது ஏறக்குறைய 3,700 ஆண்டு. ஒரு பக்கம் சிக்கெடுக்க 6 தடித்த பற்கள், மறுபக்கம் பேனும் ஈறும் எடுக்க 14 மெல்லிய பற்கள். தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்ற வேண்டுதல் கானானிய எழுத்தில் அதில் செதுக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்டார்கள். ஒரு பல்லில் குஞ்சுப் பேனின் மிச்சமும் ஒட்டியிருந்தது. நம் ஊர்ச் சந்தையில் இன்றைக்கும் விற்கிற இரண்டு பக்கப் பேன் சீப்புக்கும் அதற்கும் வடிவத்தில் பெரிய வித்தியாசமில்லை.

தயவுசெய்து இதையெல்லாம் செய்யாதீர்கள்

மண்ணெண்ணெய்: தீப்பிடிக்கும். அடுப்புக்கோ சாமி விளக்குக்கோ பக்கத்தில் போனாலே ஆபத்து. தோலையும் எரிச்சலாக்கும், குழந்தை விழுங்கிவிட்டால் நுரையீரல் பாதிக்கப்படும்.

கரப்பான் பூச்சி சாக்பீஸ், பூச்சி ஸ்ப்ரே, வயலுக்கு அடிக்கும் மருந்து: இவை மனிதத் தோலில் போடுவதற்காகத் தயாரிக்கப்பட்டவை அல்ல. எவ்வளவு அளவு உடம்புக்குள் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில வீடுகளில் சாக்பீஸைப் பொடித்து எண்ணெயில் கலந்து தடவுகிறார்கள். இது விஷத்தைத் தலையில் தேய்ப்பது.

கற்பூரம்: எண்ணெயில் கரைத்துத் தடவினால் பேன் போகும் என்பது பழக்கமான வைத்தியம். கற்பூரம் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். வாய்க்குள் போனால் சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கிட்டவே கொண்டுவராதீர்கள்.

லிண்டேன் கலந்த பழைய மருந்துகள்: நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடியது. 2009-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் நச்சு வேதிப்பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அலமாரியில் பழைய பாட்டில் இருந்தால் எடுத்துப் போடாதீர்கள்.

தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் பற்றி என்ன? எண்ணெய் வாருவதை எளிதாக்கும். எண்ணெய் மட்டுமே எல்லாப் பேனையும் ஈறையும் கொன்றுவிடும் என்று நம்பியிருக்க முடியாது. தடவினால் சீப்பையும் கையில் எடுங்கள்.

மொட்டை அடித்தால் போகும். ஒட்டிக்கொள்ள முடி இல்லாவிட்டால் பேன் வாழாது, உண்மைதான். ஆனால் 2 வார வேலையில் தீர்கிற ஒன்றுக்கு அது தேவையில்லாத தண்டனை. பாதி வெட்டுவதால் பயனும் இல்லை: பேன் இருப்பது முடியின் அடியில், வெட்டுவது நுனியில்.

வீடு முழுக்கக் கழுவணுமா?

வேண்டாம். தலையைவிட்டு வந்த பேன் 2 நாளைத் தாண்டாது. கீழே விழுந்த முடியில் உள்ள ஈறும் தலையின் சூடு இல்லாமல் ஒரு வாரத்துக்குள் செத்துவிடும். கடைசி 2 நாளில் பயன்படுத்திய தலையணை உறை, போர்வை, துண்டு, தொப்பி ஆகியவற்றைச் சூடான நீரில் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டால் போதும். சீப்புகளை 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான நீரில் 5 முதல் 10 நிமிடம் ஊறவையுங்கள். துவைக்க முடியாத பொம்மையை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி 2 வாரம் வைத்துவிடலாம். மெத்தைக்கும் சோஃபாவுக்கும் பூச்சி மருந்து அடிக்கவே வேண்டாம். அந்த நேரத்தைச் சீப்பு பிடிப்பதில் செலவிடுங்கள்.

பேனால் நோய் வருமா?

தலைப்பேன் நோய் பரப்புவதில்லை. டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புவது துணி மடிப்புகளில் வாழும் உடல்பேன். 1909-ல் இதைக் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் சார்ல் நிக்கோலுக்கு 1928-ல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டும் நெருங்கிய சொந்தம்; வாழும் இடமும் தீங்கும் வேறு.

தலைப்பேனால் வரும் சிக்கல் சொறிவதால் வருவது. நகம் பட்ட இடம் புண்ணாகி, அதில் பாக்டீரியா புகுந்து சீழ் பிடிக்கலாம். கழுத்தில் நெரி கட்டலாம். தூக்கம் கெடும். தலையில் புண், சீழ், காய்ச்சல் இருந்தாலோ, இரண்டு முறை சரியாக மருந்து போட்டும் உயிர்ப் பேன் தெரிந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

பள்ளிக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம். பேன் இருக்கிறது என்பதற்காகக் குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்தத் தேவையில்லை என்பது அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2022-ல் புதுப்பித்த வழிகாட்டலிலும் உள்ள நிலைப்பாடு. கணக்கு போட்டால் காரணம் புரியும்: இன்றைக்குக் கண்ணில் பட்ட பேன் அநேகமாக ஒரு மாதமாக அந்தத் தலையில் இருக்கிறது. இன்று மதியம் பாதி வகுப்பில் வீட்டுக்கு அனுப்புவதால் எதுவும் தடுக்கப்படாது. அன்று மாலை வீட்டில் மருந்து போட்டு, மறுநாள் வழக்கம்போலப் பள்ளிக்கு வரலாம்.

ஆசிரியர்கள் செய்யக்கூடிய உதவி, பெற்றோரிடம் தனியாகச் சொல்வது. வகுப்பில் எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்துவதும், தனி பெஞ்சில் உட்காரவைப்பதும், கேலிப் பெயர் வைப்பதும் பேனைப் போக்காது. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, குழந்தைகளுக்கு உடல் ரீதியான தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பதை நினைவில் வைப்பது நல்லது.

விடுதிகளில் ஒரே ஓர் அறைக்கு மட்டும் மருந்து கொடுப்பது பலன் தராது. எல்லாரையும் ஒரே நாளில் சோதித்து, தேவைப்படும் எல்லாருக்கும் அன்றே மருந்து போட்டு, 9-வது நாளையும் விடுதி நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டும். சனி, ஞாயிறு வீட்டுக்குப் போய்வரும் மாணவிகளின் பெற்றோருக்கும் அந்தத் தேதி தெரிந்திருக்க வேண்டும்.

காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்

0-வது நாள்: வீட்டில் எல்லாரையும் வாரிப் பாருங்கள். உயிர்ப் பேன் உள்ள எல்லாருக்கும் மருந்து. தலையணை உறை, துண்டு, சீப்பு சூடான நீரில்.

அன்றிரவு அல்லது மறுநாள் காலை: பேன் செத்திருக்கிறதா என்று ஒருமுறை வாரிப் பாருங்கள்.

அடுத்த 2 வாரம்: 2, 3 நாளுக்கு ஒருமுறை பேன் சீப்பு.

9-வது நாள்: ஒரு பேன்கூடத் தெரியாவிட்டாலும் இரண்டாவது முறை மருந்து. உறையில் வேறு நாள் குறிப்பிட்டிருந்தால் அந்த நாள்.

17-வது நாள்: கடைசிச் சோதனை. நகர்கிற பேன் இல்லை என்றால் முடிந்தது. முடியில் தள்ளி ஒட்டியிருக்கும் வெள்ளைக் கூடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை முடியோடு வளர்ந்து போய்விடும்.